பிறர் பாட்டு

சென்ற ஆண்டு எமது பீடத்தின் கலைவிழாவிலே நாங்கள் எழுவர் சேர்ந்து மலையகத் தோட்டப் பாடல்கள் நான்கினை மேடையேற்றினோம். எழுவருள் ஒருவரேனும் தோட்டத்திற் பிறந்தவரல்லர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களிலிருந்து நான்கினைத் தெரிந்தெடுத்து, ஆர்மோனியமும் தபேலாவும் சேர்த்து, இரண்டு மாதங்கள் பயின்றோம். கரகோஷத்துக்குக் குறைவிருக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் நின்று தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது முதலாம் வருட மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். அவளது ஊர் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்று.

"நல்லாத்தான் பாடுனீங்க அண்ணா," என்றாள். சற்று நேரம் கழித்து, "ஆனா அந்தப் பெரட்டுப் பாட்ட எங்க பாட்டி பாடுறப்ப ஒங்கள மாதிரி சிரிக்க மாட்டாங்க," என்றாள்.

நாங்கள் சிரித்தோமா என்பதுகூட எனக்கு நினைவில்லை. பின்னர் நண்பனொருவனின் கைத்தொலைபேசியிற் பதிவாகியிருந்த ஒளிப்படத்தைப் பார்த்தேன். எழுவரும் சிரித்துக்கொண்டேதான் நின்றோம்; மேடையில் நிற்பவன் மலர்ந்த முகத்தோடு நிற்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் எமக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

இச்சம்பவத்தை விரிவுரையாளர் ஒருவரிடம் கூறியபோது அவர் மறுமொழி எதுவும் சொல்லாமல் ஒரு நூலைத் தந்தார். அது கறுப்பின எழுத்தாளர் லீறோய் ஜோன்ஸ் 1963இல் எழுதி வெளியிட்ட 'புளூஸ் பீப்பிள்'. பிற்காலத்தில் அமீரி பராக்கா எனப் பெயர் மாற்றிக்கொண்டவர் இவரே. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்கள் அடிமை நிலையிலிருந்து குடிமக்கள் நிலைக்கு நகர்ந்த பாதையை அவர்களின் இசையிலேயே வாசிக்கலாம் என்பது அந்நூலின் கருத்து. அக்கருத்தின்படி புளூஸ் என்பது வெறும் இசைவடிவமன்று. ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்நிலை. ஆயின், அவ்வாழ்நிலைக்குப் புறத்தே நிற்பவன் அதைப் பாடலாமா? அந்த வினாவோடு தேடப் புகுந்தபோதுதான், இலண்டன் மாநகரின் ஓரத்தில் ஒரு நிலவறையிலே 1962இல் புளூஸ் இசைத்த ஒரு குழுவைப் பற்றி அறிந்தேன். புளூஸ் இன்கோப்பறேற்றட் என்பது அதன் பெயர்.

முதலில் அந்த இசையின் அமைப்பைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மிகப் பரவலாக வழங்கும் புளூஸ் வடிவம் பன்னிரண்டு தாளவட்டங்களைக் கொண்டது. ஒவ்வொரு வட்டத்துக்கும் நான்கு அடிகள். பாடகர் ஓரடியைப் பாடுகின்றார். அதையே மீண்டும் பாடுகின்றார். மூன்றாவதாக வருவது அதற்கு மறுமொழி போன்றதோர் அடி. ஒவ்வோர் அடிக்கும் நான்கு தாளவட்டங்கள் உரியனவாயினும், குரல் ஏறக்குறைய இரண்டிலேயே முடிந்துவிடும். எஞ்சிய இடத்தை கிற்றாரோ மௌத் ஓர்கனோ பியானோவோ நிரப்பும். மனிதன் ஒன்றைச் சொல்லிவிட்டு நிற்க, வாத்தியம் அவனுக்குப் பதில் கூறுகின்றது. வயலில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து ஏற்றுப் பாடிய வேலைப்பாட்டின் எச்சம் அந்த இடைவெளியில் இருக்கின்றது. மூன்றாவது, ஏழாவது சுரங்களைச் சற்றே தாழ்த்தி, மேற்கத்தியச் சுரவரிசைக்குள் அடங்காத ஓரிடத்தில் நிறுத்துவது இதன் இன்னொரு பண்பு. பியானோவின் கட்டைகளில் அவ்விடம் இல்லை. கிற்றாரின் தந்தியை விரலால் இழுத்தோ மௌத் ஓர்கனின் மூச்சை உள்ளிழுத்து வளைத்தோதான் அதைத் தொடவேண்டும். ஐரோப்பிய மெட்டுகளுக்கென ஜேர்மனியிற் செய்து விற்கப்பட்ட அச்சிறு கருவியை, அதற்குரியதல்லாத சுருதியில் வைத்து, ஊதுவதிலும் பார்க்க உறிஞ்சுவதையே முதன்மையாக்கி, செய்தவர்கள் எண்ணியிராத ஒலியை அதிலிருந்து வருவித்தவர்கள் கறுப்பின மக்கள்.

இவ்விசை இலண்டனை வந்தடைந்த வழி விசித்திரமானது. 1951இல் பிக் பில் புரூன்சி என்ற பாடகர் இங்கிலாந்துக்கு வந்தார். சிக்காகோவில் பியானோ, ட்ரம், ஊதுகருவிகள் சூழ நகரத்துப் பாணியில் இசைத்தட்டுகள் பதிவுசெய்தவர் அவர். ஐரோப்பியர் விரும்பியதோ கிற்றார் ஒன்றுடன் தனித்து நிற்கும் கிராமியப் பாடகனை. அவரும் அவ்வாறே நின்றார். 1958இல் ஜாஸ் இசைஞர் கிறிஸ் பாபரின் அழைப்பின்பேரில் மடி வாட்டர்ஸ் வந்தார். பியானோவுக்கு ஓட்டிஸ் ஸ்பான் உடன் வந்தார். மடி வாட்டர்ஸ் மிஸிசிப்பி மாநிலத்தின் ஸ்ரோவல் பருத்தித் தோட்டத்தில் வாரக்குடியாக உழைத்தவர். உழவு இயந்திரம் ஓட்டியவர். 1941இல் அலன் லோமக்ஸ் என்பார் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவுக் கருவியுடன் அத்தோட்டத்துக்குச் சென்று அவர் பாடலைப் பதிந்தார். 1943இல் அவர் தோட்டத்தை விட்டுச் சிக்காகோவுக்குப் பெயர்ந்தார். அந்நகரத்து மதுச்சாலைகளின் இரைச்சலில் சாதாரண கிற்றார் எவருக்குங் கேட்காது. எனவே மின்கிற்றாரை எடுத்தார். தெற்கிலிருந்து வடக்கின் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்த இலட்சக்கணக்கானோரின் புதிய வாழ்வுக்கு அந்த உரத்த ஒலியே பொருத்தமாயிருந்தது. இங்கிலாந்தின் இரசிகருட் பலருக்கு அது அதிர்ச்சியாயிற்று. அவர்கள் எதிர்பார்த்து வந்தது பருத்தித் தோட்டத்து உழவனை. வந்து நின்றவரோ நாகரிக உடையணிந்த நகரத்து மனிதர். சத்தம் மிகையென்று குறைகூறினர்.

ஆனால் அதே ஒலியைக் கேட்டு வேறுவிதமாக அதிர்ந்தவர்கள் இருவர் இருந்தனர். ஒருவர் அலெக்சிஸ் கோர்னர். 1928இல் பாரிசிற் பிறந்தவர். தந்தை ஒஸ்திரிய யூதர். தாய் கிரேக்க வழியினர். 1940இல் போரிலிருந்து தப்பிக் குடும்பம் இலண்டன் வந்தது. ஜேர்மானிய விமானத் தாக்குதலொன்றின்போது ஜிமி யான்சியின் பியானோ இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், அன்றிலிருந்து அவ்வாறு வாசிப்பதைத் தவிர வேறெதையும் தாம் விரும்பவில்லையெனவும் அவர் பின்னாளிற் கூறியிருக்கின்றார். மற்றவர் சிறில் டேவிஸ். மோட்டார் வாகனங்களின் நசுங்கிய தகடுகளைத் தட்டி நிமிர்த்தும் தொழிலாளி. எங்களூரில் ரிங்கர் வேலை என்போமே, அது. அவர் பன்னிரு தந்திக் கிற்றாரிலிருந்து மௌத் ஓர்கனுக்கு மாறியவர். இருவருமாக சோஹோ பகுதியில் ஒரு மதுச்சாலையின் மாடியில் 1957 முதல் புளூஸ் மன்றமொன்றை நடத்திவந்தனர். மின்னொலியில் வாசிக்கத் தொடங்கியதும் அவ்விடம் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. அக்காலத்து ஜாஸ் மன்றங்களும் கதவு திறக்கவில்லை.

ஆகவே ஈலிங் சென்றனர். மேற்கு இலண்டனில், பாதாள இரயிலின் கிளைகள் இரண்டு முடிவுறும் ஈலிங் புறோட்வே நிலையத்துக்கு எதிரே, தேநீர்க்கடை ஒன்றன் கீழே ஒரு நிலவறை. 1962 மார்ச் 17ஆந் திகதி, சனிக்கிழமை இரவு, அங்கே முதன்முதலாக வாசித்தனர். ட்ரம் வாசித்தவர் விளம்பர நிறுவனமொன்றில் ஓவிய வடிவமைப்பாளராயிருந்த சார்லி வாட்ஸ். சக்சபோனுக்கு டிக் ஹெக்ஸ்ரோல் ஸ்மித். கூட்டம் நிறைந்து வியர்வை ஆவியாகிக் கூரையிற் படிந்து சொட்டும். மேடையின் மீது தார்ப்பாய் கட்டவேண்டியிருந்ததாம். சொட்டும் நீருக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே நின்று வாசித்தார்களென்று படிக்கும்போது, எமது மண்டபத்தின் ஒலிவாங்கி இரைந்ததற்கு நாங்கள் பட்ட கோபம் நாணத்தைத் தருகின்றது.

சிறு அறிவித்தலொன்றைப் பார்த்துத் தூர இடங்களிலிருந்தெல்லாம் இளைஞர்கள் வந்தனர். தனித்தனியே, தம் ஊரில் இவ்விசையை விரும்புபவன் தான் ஒருவனே என்று எண்ணியிருந்தவர்கள் அங்கே ஒருவரையொருவர் கண்டனர். செல்ரன்ஹாமிலிருந்து வந்த பிறையன் ஜோன்ஸ் குழாயைத் தந்திகளில் வழுக்கி வாசித்ததை, இலண்டன் பொருளியற் கல்லூரி மாணவன் மிக் ஜாகரும் அவன் தோழன் கீத் றிச்சர்ட்சும் கண்டது ஏப்பிரலில் அந்த நிலவறையிலேதான். ஜாகர் சில இரவுகளில் குழுவோடு சேர்ந்து பாடவுஞ் செய்தான். ஜூலை 12ஆந் திகதி வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்குக் குழு செல்லவேண்டியிருந்தது. பிபிசி ஆறு பேருக்கே ஊதியம் வழங்குமென்றதால் ஜாகர் விடப்பட்டான். குழு இல்லாத அன்றைய இரவில், மார்க்கீ மன்றத்தில் வெற்றாயிருந்த மேடையிலே அவனும் நண்பர்களும் ஏறினர். றோலிங் ஸ்ரோன்சின் முதல் நிகழ்ச்சி அதுவே. பெயர்கூட மடி வாட்டர்சின் பாடலொன்றிலிருந்து எடுத்ததுதான். இதன் பின்னைய கதையை உலகம் அறியும். எனக்கு அக்கதையில் அத்துணை ஈடுபாடில்லை.

என்னை ஈர்ப்பது டேவிசும் கோர்னரும் பிரிந்த கதை. டேவிசுக்குத் தெரிந்த புளூஸ் ஒன்றே: சிக்காகோவின் புளூஸ். மௌத் ஓர்கனை ஒலிவாங்கியோடு சேர்த்து இருகைகளாற் பொத்தி ஊதும் அந்த ஒலி. அதில் ஊதுகருவிகளுக்கு இடமில்லை. கோர்னரோ ஜாஸ் இசைஞரை மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போனார். 1962 முடிவதற்குள் டேவிஸ் விலகித் தமது சொந்தக் குழுவை அமைத்தார். 1964 ஜனவரியில், முப்பத்தொரு வயதில் மாண்டார். இவ்விருவரில் மரபைக் காத்தவர் யார்? டேவிஸ் என்றே முதலில் எண்ணினேன். தூய்மைக்காகப் பிரிந்தவர், சமரசம் செய்யாதவர் என்று அவர்மேல் எனக்கு மதிப்பும் எழுந்தது. ஆனால் அவர் காத்த மரபின் வயது என்ன? மின்கிற்றாரும் ஒலிபெருக்கிய மௌத் ஓர்கனும் கூடிய சிக்காகோ இசை அப்போது இருபது ஆண்டுகளைக்கூட நிறைவுசெய்திருக்கவில்லை. அதுவே ஒரு காலத்தில் பழமையை மீறிய இசை. நாட்டிலிருந்து நகருக்குப் பெயர்ந்தவர்கள், பழைய பாட்டு புதிய இடத்திற் போதாதென்று மாற்றிக்கொண்டது. அவர்கள் மாற்றிய கணத்தை டேவிஸ் உறையவைத்தார். புரூன்சியைத் தனிக் கிற்றாரோடு நிறுத்தியவர்கள் அதற்கும் முந்திய கணமொன்றை உறையவைத்தார்கள். வெளியே நின்று விரும்புபவன் தான் முதலிற் காதலித்த இடத்திலேயே நின்றுவிடுகின்றான் போலும்.

மடி வாட்டர்சுக்கு நேர்ந்தது இதற்கு நல்ல சான்று. 1958இற் பெற்ற பாடத்தை மனத்திற்கொண்ட அவர், 1963இல் மீண்டும் வந்தபோது மின்கிற்றாரை விட்டுவிட்டுச் சாதாரண கிற்றாரோடு வந்தார். இதற்கிடையில் ஈலிங்கும் மார்க்கீயும் நிகழ்ந்துவிட்டன. இளைஞர்கள் மின்கிற்றார் எங்கேயென்று வினவினர். பாவம், அம்மனிதர்! தம்முடைய இசையை எவ்வாறு இசைக்கவேண்டுமென்று ஒவ்வொரு முறையும் அவருக்கு வேறொருவர் கூறிக்கொண்டிருந்தனர்.

புளூஸ் இன்கோப்பறேற்றட்டின் இசைத்தட்டு ஒன்று 1962 நவம்பரில் வெளிவந்தது. 'மார்க்கீயிலிருந்து' என்று தலைப்பிலே பெயர் சூட்டப்பட்டதாயினும் அது மார்க்கீயிற் பதிவானதன்று. டெக்கா நிறுவனத்தின் கலையகத்திற் பதிவானது. அதை இப்போது எவருங் கைத்தொலைபேசியிற் கேட்கலாம். விடுதி அறையில், நண்பர்கள் உறங்கிய பின்னர், காதில் மாட்டிக்கொண்டு பலமுறை கேட்டேன். உண்மையைச் சொன்னால், அதில் ஒரு பகுதி எனக்கு ஏமாற்றந் தந்தது. லோங் ஜோன் போல்ட்றியின் குரலில் வலிமையிருந்தும், சில இடங்களில் சொற்களை இரவல் வாங்கிய சட்டைபோல் அணிந்திருக்கின்றார் என்றே பட்டது. ஆனால் மடி வாட்டர்சோடு இணைத்தே அறியப்படும் 'ஐ கொட் மை மோஜோ வேர்க்கிங்' பாடலை டேவிஸ் பாடும்போது நிலைமை வேறு. அதுவும் இரவல்தான். அவர் மிஸிசிப்பியைப் பாடவில்லை. மிஸிசிப்பிக்காரனைப் போலப் பாடவுமில்லை. தகடு நிமிர்த்தும் சம்மட்டியை வைத்துவிட்டு வந்த ஒருவர், தமக்குக் கிடைத்த வேறொருவர் மொழியில், தம் சத்தத்தைப் போடுகின்றார். பாட்டு முடிந்ததும் மௌத் ஓர்கன் அவருக்குப் பதில் சொல்கின்றது. அந்த நிலவறையில் நின்றிருந்தால் இன்னும் விளங்கியிருக்குமோ என்னவோ. கூரை சொட்டாத கலையகத்தில் அக்குழுவின் பாதி விடுபட்டுப்போயிற்று என்றே நினைக்கின்றேன்.

இவ்விசையின் மீது அவர்கள் கொண்ட காதலை ஐயுறுவதற்கில்லை. போல் ஒலிவர் என்ற ஆங்கிலேயர், 1960இல் வெளிவந்த புளூஸ் பற்றிய தமது பெருநூலை எழுதி முடிக்கும்வரை அமெரிக்க மண்ணை மிதித்திருக்கவில்லை. இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே எழுதினார். றோலிங் ஸ்ரோன்ஸ் புகழ்பெற்றபின், 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சியொன்றிலே தோன்ற இசைந்தபோது ஹௌலின் வுல்ஃப் என்ற மூத்த புளூஸ் பாடகரையும் மேடையேற்ற வேண்டுமெனக் கேட்டனர். அவர் பாட, அவர்கள் கீழே அமர்ந்திருந்தனர். இது நன்றியறிதல். ஆயின் மறுபக்கமும் உண்டு. லெட் செப்பலின் குழுவின் புகழ்பெற்ற பாடலொன்று தமது பாடலின் வழிவந்ததென வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடரவேண்டியிருந்தது; 1987இல் இணக்கத்தில் முடிந்தது. காதல் இருந்தது, பெயரைப் போடுவதற்கும் பணத்தைக் கொடுப்பதற்கும் மட்டும் நீதிமன்றம் தேவைப்பட்டது. எமது நான்கு பாடல்களுக்கும் நிகழ்ச்சி நிரலில் நாங்கள் எழுதியிருந்தது 'நாட்டார் பாடல்' என்ற ஒரு சொல். தொகுத்தவரின் பெயரைக்கூட அச்சிடவில்லை.

இவ்வாண்டு விழாவுக்கு மீண்டும் பாடவேண்டுமென்று நண்பர்கள் கேட்டபோது, நான் அம்மாணவியைத் தேடிச்சென்றேன். சென்ற முறை செய்த பிழையைத் திருத்தவேண்டும், துயரத்தைத் துயரமாகவே பாடவேண்டும் என்று பெரியதொரு விளக்கம் கொடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தப் பாட்டெல்லாம் இப்ப தோட்டத்துல யாரும் பாடுறதில்ல அண்ணா," என்றாள். "எங்க அண்ணன் கொழும்புல கடையில நிக்கிறான். அவன் கேக்கிறது சினிமாப் பாட்டு. நாங்க எப்பவும் அழுதுக்கிட்டே இருக்கணும்னா நெனைக்கிறீங்க?"

எனக்கு மடி வாட்டர்சின் சாதாரண கிற்றார் நினைவுக்கு வந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, சொல்லவுமில்லை. பாடாமல் விட்டுவிடுவோம் என்று மட்டும் கூறினேன். அதற்கும் அவள் உடன்படவில்லை. பாடுங்கள், ஆனால் மெட்டே பிழை, புத்தகத்தில் மெட்டு இல்லைத்தானே என்றாள். விடுமுறைக்கு வீடு சென்று வந்தவள் பாட்டியின் குரலைக் கைத்தொலைபேசியிற் பதிந்து வந்திருந்தாள்.

பயிற்சி அறையில் எழுவரும் அதைச் சூழ்ந்திருந்து கேட்டோம். பின்னணியிற் கோழி கூவுகின்றது. யாரோ தண்ணீர்க் குடத்தை வைக்கின்றார்கள். நாங்கள் துரித தாளத்திற் பாடிய பெரட்டுப் பாட்டை அம்மூதாட்டி பாதி வேகத்தில், ஒவ்வோரடியின் முடிவிலும் நெடுநேரம் நின்று பாடுகின்றார். அந்த இடைவெளிகளை நாங்கள் ஆர்மோனியத்தால் நிரப்பியிருந்தோம். பாட்டின் நடுவில், கங்காணியின் பேச்சு வருமிடத்தில், அவர் பாடுவதை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரிக்கின்றார். "அம்மாச்சி, பாடுங்க!" என்று பேத்தி அதட்டுவது கேட்கின்றது. மீண்டும் தொடங்குகின்றார்; அதே இடத்தில் மீண்டும் சிரிக்கின்றார்.

நான் அம்மாணவியைப் பார்த்தேன். அவள் சற்று வெட்கத்தோடு கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்ற ஆண்டின் ஒளிப்படத்தை அன்றிரவு மறுபடியும் போட்டுப் பார்த்தேன். பாட்டு முழுவதும் சிரித்த நாங்கள் எழுவரும், கங்காணி வரும் அந்த ஓரிடத்தில் மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டிருந்தோம்.